இழுத்துப் பார்க்காத பூட்டு

திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. எனினும், அந்தப் பூட்டைப் பூட்டுபவர் சாவியைத் திருப்பியதோடு தெருவில் இறங்கிவிடுவதில்லை. ஒருமுறை இழுத்துப் பார்த்த பிறகே இறங்குகிறார். இந்த எளிய ஒழுக்கம் நம் கணினி நிரல்கள் பலவற்றுக்கு இன்னும் வாய்க்கவில்லை என்பதே இங்கு நாம் சொல்ல விழைவது.

டிஸ்கி குறிமுறையில் தட்டெழுதிய பழைய நூலொன்றை ஒருங்குறிக்கு மாற்றும் சிறுநிரலை எண்ணிப் பாருங்கள். ஆணைவரியில் இயங்கி, மாற்றிய எழுத்துகளைப் புதிய கோப்பில் இடுவது அதன் வேலை. 'வெற்றியெனில் பழைய கோப்பை அழி' என்று அடுத்த ஆணை காத்திருக்கிறது. இடையில் வட்டு நிறைந்துவிடுகிறது. நிரல் எழுதும் எழுத்துகள் பொதுவாக உடனே வட்டுக்குச் செல்வதில்லை. நினைவகத்தின் ஓர் இடையகத்தில் சேர்ந்து, அது நிறையும்போதோ கோப்பை மூடும்போதோதான் செல்கின்றன. ஆகவே ஒவ்வொரு அச்சிடும் ஆணையும் வென்றதுபோல் தோன்றி, தோல்வி மூடும் கணத்தில் மட்டும் வெளிப்படலாம். அக்கணத்தில் சோதிக்காத நிரல், சுழியம் என்னும் வெற்றிக்குறியைத் தந்து விடைபெறும். புதிய கோப்பு பாதி; பழைய கோப்போ இல்லை.

சி மொழி மாணவர்களின் முதல் நிரலான 'வணக்கம் உலகமே' வழக்கமாக இக்குறையோடுதான் கற்பிக்கப்படுகிறது. லினக்ஸில் '/டெவ்/ஃபுல்' என்றொரு போலிக் கருவி உண்டு. எதை எழுதினாலும் 'இடமில்லை' என்று மறுப்பதே அதன் தொழில். அந்நிரலின் வெளியீட்டை அதற்குத் திருப்பினால், ஓரெழுத்தும் எழுதப்படாத நிலையிலும் வெற்றி என்றே சொல்லும். குனூ கோர்யூட்டில்ஸ் தொகுப்பின் 'கேட்', 'சார்ட்' முதலியவை அப்படியல்ல. வெளியேறுமுன் வெளியீட்டை மூடிப் பார்த்து, தவறியிருந்தால் பிழைச்செய்தி தந்து, சுழியமல்லாத எண்ணோடு முடிகின்றன.

எல்லாத் தோல்வியும் ஒன்றாகுமா என்பாருண்டு. ஆகாதுதான். நெடிய வெளியீட்டின் முதல் பத்து வரிகளை மட்டும் வாங்கிக்கொண்டு 'ஹெட்' விலகும்போது குழாய் முறிவது, கேட்பவர் போதுமென்று எழுந்து போவதற்கு ஒப்பு. அங்கே கூச்சல் வேண்டியதில்லை. வட்டு நிறைவதோ, கேட்பவர் காத்திருக்கையில் சொல் தொலைவது. இவ்விரண்டையும் பிரித்தறிவது நிரல் எழுதுவோரின் பொறுப்பு.

தமிழ் கற்றோருக்கு இது புதிய அறமன்று. உ.வே.சாமிநாதையர் 1894இல் முதன்முதல் பதிப்பித்த புறநானூற்றில் 267, 268ஆம் பாட்டுகள் நமக்குக் கிடைக்கவில்லை. அதற்காக அடுத்த பாட்டின் எண்ணைத் திருத்தி இழப்பை மறைப்பதில்லை. 266க்குப் பின் 269 வருகிறது. சிதைந்த அடிகளின் இடத்தில் புள்ளிகள் நிற்கின்றன. அந்தப் புள்ளிகள் இருப்பதால்தான் வேறு ஏட்டில் தேடவேண்டும் என்பதே நமக்குத் தெரிகிறது.

தமிழ் நூல்களைக் கணினியில் ஏற்றும் நிரல்களிடமும் இந்நேர்மையைக் கேட்போம். கணினித்தமிழ் கற்பிக்கும் வகுப்புகளில், எழுதும் ஆணையைச் சொல்லித்தரும் அன்றே மூடிச் சோதிக்கும் சில வரிகளையும் சொல்லித்தர வேண்டும்.