நான்காவது மாத்திரைக்கு முன் ஒரு கேள்வி

சிறுநீர்பெருக்கி உள்ளிட்ட மூன்று மருந்துகளுக்கும் இரத்த அழுத்தம் தணியாத நோயாளிக்கு நான்காவது மாத்திரை எழுதப்படுகிறது. உறக்கத்தில் குறட்டை உண்டா, மூச்சு நின்று நின்று வருகிறதா என்ற கேள்வி பல இடங்களில் எழுவதே இல்லை. இது அலட்சியம். மூச்சுப்பாதை அடைபடுந்தோறும் ஆக்சிஜன் குறைகிறது. பரிவு நரம்பு மண்டலம் கிளர்கிறது. இரவில் தாழவேண்டிய அழுத்தம் பலருக்குத் தாழ்வதில்லை. பகலில் எடுக்கும் அளவீடு இதைக் காட்டாது.

சிபாப் கருவி ஒன்றே தீர்வு என்னும் விற்பனைக் குரலும் ஏற்கத்தக்கதன்று. அது அழுத்தத்தைச் சராசரியாக 2 முதல் 3 மி.மீ. பாதரசம் வரையே குறைக்கிறது. இதய, மூளை இரத்தநாள நோயுள்ள 2,717 பேரிடம், இந்தியா உட்பட 7 நாடுகளில் நடந்து 2016இல் வெளியான ‘சேவ்’ ஆய்வில், மாரடைப்பு, பக்கவாதம் முதலியவை குறையவில்லை. ஆயினும் பங்கேற்றோர் கருவியை அணிந்தது இரவுக்குச் சராசரியாக 3.3 மணி நேரமே. இவ்வெண்ணை மறைத்துக் ‘கருவி வீண்’ என்று மேற்கோள் காட்டுவது ஆய்வு நேர்மையாகாது.

மருந்தைத் தொடர்ந்தபடியே உறக்கத்தைச் சோதிப்பதும், எடையைக் குறைப்பதும், கருவியை இரவு முழுதும் அணியப் பழக்குவதும் ஒரே சிகிச்சையின் உறுப்புகள். குறட்டை பற்றிய வினா இரத்த அழுத்த நோயாளியின் பதிவேட்டில் முதல் பக்கத்திலேயே இடம்பெற வேண்டும்.