படத்துக்கும் பெயர் தமிழாகுக!

வேலூர்ப் பகுதியின் தோல்தொழிலகங்கள் இணையத்திலும் கடைவிரித்துள்ளன. ஆம்பூர்க் காலணியும், ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலும் ஆங்குப் படங்களாய் ஒளிர்கின்றன. ஆனால், அப்படக்கோப்பின் பெயர் என்ன? படக்கருவி இட்ட வெற்றெண்ணோ, ஆங்கிலமோ எனின், 'ஆவாரம்பட்டைத் தோல்' எனத் தமிழில் தேடுவார்க்கு அஃது எங்ஙனம் கிட்டும்? தேடுபொறி கோப்பின் பெயரையும், படத்திற்கு மாற்றாக எழுதப்பெறும் விளக்கத்தையும், படத்தைச் சூழ்ந்த சொற்களையும் சான்றாகக் கொள்வதன்றோ!

1991-லேயே தமிழ் ஒருங்குகுறியில் இடம்பெற்றுவிட்டது. எனவே 'ஆவாரம்பட்டை-தோல்' எனக் கோப்புக்குப் பெயரிடத் தடையேதுமில்லை. சொற்களிடையே வேண்டுவது இணைகோடு, அடிக்கோடன்று. இணைய முகவரியில் அவ்வெழுத்துகள் விழுக்காட்டுக் குறிகளாய்த் திரிந்து தோன்றக்கூடும். அதுகண்டு மருள வேண்டா.

அயல்நாட்டு வணிகர்க்கு ஆங்கிலப் பக்கம் இருக்கட்டும். தமிழர்க்கென அமைத்த பக்கத்திலும் அவர்தம் கைவினைக்கு அயற்பெயரா? பெயரைப் படம் ஏற்றுமுன்னரே திருத்துக. ஏற்றியபின் மாற்றின் பழைய இணைப்புகள் அறுபடும்.