குழந்தையின் குரல்

குழந்தையின் குரல் கம்மினால், 'அழுது அழுது கட்டிக்கொண்டது' என்று இருந்துவிடுவது நம் வழக்கம். பெரும்பாலும் அது உண்மையே. ஆனால் வாரக்கணக்கில் தெளியாத குரலை வைத்தியரிடம் காட்டியே தீர வேண்டும்.

ஹ்யூமன் பாப்பிலோமா வைரஸ் என்னும் நுண்கிருமியின் 6, 11 ஆகிய வகைகள், பெரும்பாலும் பிரசவ காலத்தில் தாயிடமிருந்து சிசுவை அடைந்து, சில குழந்தைகளின் குரல்வளையில் மருக்களை உண்டாக்குகின்றன. அவை வளர வளர, குரலோடு மூச்சும் அடைபடுகிறது. சஸ்திர சிகிச்சையால் அகற்றினாலும் மீண்டும் முளைக்கின்றன. சின்னஞ்சிறு குழந்தை பலமுறை கத்திக்கு ஆளாக நேரிடுகிறது.

ஆஸ்திரேலிய அரசாங்கத்தார் 2007-ல் பெண்களுக்கும், 2013-ல் பையன்களுக்கும் பொதுச் செலவில் தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுப்பதே அதன் தலையாய நோக்கம். எனினும் 6, 11 வகைகளையும் அந்த ஊசி தடுத்தது. 2012-ல் அங்கே 7 குழந்தைகளுக்குப் புதிதாகக் கண்ட இந்நோய், 2016-ல் ஒரே குழந்தைக்குத்தான் கண்டது. அந்த ஐந்தாண்டுகளில் பதிவான 15 குழந்தைகளின் தாய்மாரில் ஒருவரேனும் கர்ப்பத்துக்கு முன் ஊசி போட்டுக்கொண்டவர் அல்லர்.

அற்பத் தொகைதானே என்பாரும் உண்டு. மூச்சுக்குத் திணறும் குழந்தையை மடியில் வைத்திருப்பவளிடம் அவர்கள் அதைச் சொல்லிப் பார்க்கட்டும்!

ஊசியிலும் வகை உண்டு. 16, 18 வகைகளை மாத்திரம் குறித்துச் செய்த ஊசி இம்மருக்களுக்காக ஏற்பட்டதன்று. ஆகவே, பெண்ணுக்கு ஊசி போடுமுன் விசாரித்தறிவது விவேகம். இன்று மகளுக்குச் செய்யும் காப்பு, நாளை பேரக் குழந்தையின் குரலுக்கும் காப்பாகும் என்பதை நேயர்கள் மறவாதிருக்க வேண்டுகிறோம்.