தொட்டுப் பார்க்கலாம், தின்னத்தான் கூடாது

இரண்டு நாள் மழை பெய்து ஓய்ந்தால் போதும், பள்ளித் திடலில் வெள்ளைக் குடைகள் முளைத்துவிடும். "தொடாதே, விஷம்!" என்று யாராவது ஒருவர் கத்துவார். மாணவர்களும் காலால் எட்டி உதைத்துவிட்டுப் போவார்கள். இந்த எச்சரிக்கையில் பாதி தவறு என்பேன். நச்சுக் காளான் வயிற்றுக்குள் போனால்தான் ஆபத்து. கையில் எடுத்துப் பார்ப்பதால் நஞ்சு ஏறாது. பிறகு கையைக் கழுவிக்கொண்டால் சரி. தொடவே கூடாது என்று வளர்ந்த பிள்ளை காளானை அடையாளம் காணக் கற்பதே இல்லை. ஒருநாள் கைப்பேசிச் செயலி சொல்லும் பெயரை அப்படியே நம்பிவிடுகிறது.

திடலில் முளைக்கும் அந்தப் பெரிய வெள்ளைக் குடை, பெரும்பாலும் குளோரோபில்லம் மோலிப்டைட்டிஸ். மேலே பழுப்புச் செதில்கள், தண்டில் ஒரு வளையம். பார்க்க நல்ல உணவுக் காளான் போலவே இருக்கும். தின்றால் சில மணி நேரத்தில் கடுமையான வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். குடையின் அடியில் தகடு தகடாக இருக்கும் செவுள்கள் இளமையில் வெள்ளையாக இருந்து, முற்ற முற்றப் பச்சை பாயும். மேலிருந்து எடுத்த படத்தில் இது எப்படித் தெரியும்?

தோட்டப்புறத்தில் வாழ்ந்த நம் தாத்தா பாட்டிகள் பால்மரக் காட்டில் புற்றுக்காளான் பறித்துக் குழம்பு வைத்தவர்கள். அவர்கள் குடையை மட்டும் பார்த்து முடிவு செய்யவில்லை. உச்சி கூராக இருக்கிறதா, தண்டின் அடி வேர்போல நீண்டு மண்ணுக்குள் இறங்குகிறதா என்று பார்த்தார்கள். டெர்மிட்டோமைசிஸ் எனப்படும் அந்தக் காளானைக் கறையான்கள் தங்கள் கூட்டுக்குள் பயிர் செய்கின்றன. அந்த 'வேர்' அங்கிருந்துதான் வருகிறது. பாட்டியின் சோதனை அறிவியலுக்கும் பொருந்துகிறது.

ஆனால் அந்த அறிவு அந்த மண்ணுக்கு மட்டுமே உரியது. 2012-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில், புத்தாண்டுக்கு முந்தின இரவு உணவில் காளான் தின்ற இருவர் இறந்தார்கள். அது ஓக் மரங்களின் அடியில் வளரும் 'மரணத் தொப்பி' என்ற காளான். ஆசியர்கள் விரும்பி உண்ணும் வைக்கோல் காளானைப் போலவே அதன் அடியிலும் பை போன்ற உறை உண்டு. சமைத்தாலும் அதன் நஞ்சு அழியாது. ஆறு மணி நேரத்துக்கும் மேல் ஒன்றும் தெரியாது. பிறகு வாந்தி வரும், இடையில் குணமானதுபோல் தோன்றும். அதற்குள் கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும். நம் பிள்ளைகள் பலர் படிக்கப் போகும் நாடு அது.

இந்த இரண்டு காளான்களையும் பிரித்துக் காட்டும் சோதனைக்கு ஒரு காசு செலவில்லை. முதிர்ந்த காளானின் தண்டை வெட்டிவிட்டு, குடையைச் செவுள் கீழே இருக்குமாறு ஒரு தாளில் வையுங்கள். தாளில் பாதி வெள்ளை, பாதி கறுப்பாக இருந்தால் எந்த நிறமும் தெரியும். மேலே கண்ணாடிக் குவளையைக் கவிழ்த்து இரவு முழுவதும் விடுங்கள். மறுநாள் செவுள்களின் வடிவிலேயே வித்துத்தூள் படிந்திருக்கும். மரணத் தொப்பிக்கு வெள்ளை, வைக்கோல் காளானுக்கு இளஞ்சிவப்பு, நம் திடல் காளானுக்குப் பச்சை. வெள்ளிக் கரண்டி கறுத்தால் விஷம், புழு தின்றால் நாமும் தின்னலாம் என்பதெல்லாம் வெறும் கதை. நத்தைகள் நச்சுக் காளானையும் தின்றுவிட்டு நன்றாகவே ஊர்ந்து போகின்றன.

வித்துத்தூளின் நிறம் ஒரு தடயம் மட்டுமே, சமைக்க அனுமதி அல்ல. முளைத்த இடம், வாசனை, வளையம், அடியில் உள்ள உறை ஆகியவற்றையும் சேர்த்துக் குறிப்பெடுக்க வேண்டும். அதனால் தண்டை ஒடிக்காமல் மண்ணோடு தோண்டி எடுங்கள். அறிவியல் கழகங்கள் புதிர்ப் போட்டி நடத்தும் நேரத்தில் ஒரு வாரத்தை இதற்குத் தரலாமே. இந்த மழைக்காலத்தில் பொருளுக்குப் பஞ்சமில்லை.

வீட்டில் யாராவது தெரியாமல் தின்றுவிட்டால், வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். மிச்சக் காளானைக் குப்பையில் போடாமல் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.