ஹங்கேரியின் மிளகாயும் ஃபின்லாந்தின் மாத்திரையும்

சென்ற ரமளானுக்குச் சில நாட்களுக்கு முன் எங்கள் வாப்பா ஒரு குப்பியை என்னிடம் காட்டினார்கள். ‘ஆன்டிஆக்ஸிடன்ட்’ நிறைந்த மாத்திரை. புகைபிடிப்பவரின் நுரையீரலைக் காக்கும் என்று கூறி, தெரிந்தவர் ஒருவர் 2,000 ரூபாய்க்கு மேல் விலை வைத்து விற்றிருந்தார். “இனிமே பீடியப் பத்தி நீ கவலப்பட வேணாம்” என்றார்கள் வாப்பா. அந்த ஒரு சொல்லே என்னை இதை எழுத வைத்தது.

ஆன்டிஆக்ஸிடன்ட் என்பது பொய்யன்று. வெட்டி வைத்த ஆப்பிள் சற்று நேரத்தில் பழுப்பேறுகிறது. எலுமிச்சைச் சாறு தடவினால் அது தாமதமாகிறது. காற்றிலுள்ள ஆக்சிஜனால் நேரும் மாற்றத்தைச் சாற்றிலுள்ள பொருள் தடுக்கிறது. சில தாவரங்கள் மட்டும் ஏன் இவ்வாறு பழுப்பேறுகின்றன என்று ஆராயத் தொடங்கியவர்தாம் ஹங்கேரிய அறிவியலாளர் ஆல்பர்ட் சென்ட் ஜியார்ஜி. ஓர் இரவு மனைவி உணவுடன் வைத்த பாப்ரிகா மிளகாயை உண்ண மனமின்றி ஆய்வகத்துக்கு எடுத்துச் சென்றதாகவும், நள்ளிரவுக்குள் அது வைட்டமின் சி நிறைந்த களஞ்சியம் என அறிந்துகொண்டதாகவும் அவரே பின்னாளில் கூறியுள்ளார். 1937இல் அவருக்கு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

அதே அறிஞர், தாவரங்களிலுள்ள ஃபிளேவனாய்டுகளையும் ஒரு வைட்டமின் என்றே கருதிப் பெயரிட்டார். பின்னர் அக்கருத்து நிலைக்கவில்லை, பெயரும் கைவிடப்பட்டது. நோபல் பெற்றவரின் கருத்தாயினும் சோதனையில் தேறியாக வேண்டும் என்பதே அறிவியலின் ஒழுங்கு.

இனி வாப்பாவின் குப்பிக்கு வருவோம். காய்கனிகளை மிகுதியாக உண்போருக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டின. அப்படியானால் கேரட்டின் நிறப்பொருளான பீட்டா கரோட்டினை மாத்திரையாகத் தந்தால் என்ன என்று எண்ணினார்கள். ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் இது சோதிக்கப்பட்டது. 1994இல் வெளியான முடிவு மருத்துவ உலகை அதிர வைத்தது: பீட்டா கரோட்டின் உட்கொண்டோரிடையே நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு கூடியிருந்தது. அமெரிக்காவில் புகைபிடிப்போர், முன்பு புகைபிடித்தோர், ஆஸ்பெஸ்டாஸ் தூசியில் வேலை செய்தோர் என 18,314 பேரிடம் நடந்த மற்றோர் ஆய்வில் பீட்டா கரோட்டினுடன் வைட்டமின் ஏவும் தரப்பட்டது. அங்கே 28 விழுக்காடு கூடியது. 1996இல் அதனை இடையிலேயே நிறுத்தினார்கள்.

காயிலிருந்த நன்மை மாத்திரையில் ஏன் இல்லை? காய்கனி உண்போர் பெரும்பாலும் வேறு பல நல்ல பழக்கங்களும் உடையோர். மேலும், காய் என்பது நார், தாது, நிறப்பொருள் எனப் பலவும் அளவோடு கூடிய ஓர் அமைப்பு. அதிலிருந்து ஒன்றை மட்டும் பிரித்துப் பெரும் அளவில் புகை படிந்த நுரையீரலுக்குள் செலுத்தினால், அது அங்கே வேறு விதமாய் நடந்துகொள்ளக்கூடும்.

சோதனைக் குழாயில் தெரியும் வலிமை உடலிலும் அப்படியே விளையும் என்று கொள்வதும் தவறே. உணவுகளின் ஆன்டிஆக்ஸிடன்ட் திறனை எண்களாய்ப் பட்டியலிட்டு வந்த அமெரிக்க வேளாண்மைத் துறை, விற்பனையாளர்கள் அவற்றைத் தவறாகப் பயன்படுத்துவதைக் கண்டு 2012இல் அப்பட்டியலையே நீக்கிவிட்டது.

நம் சமுதாயத்தில் இவ்வணிகம் மார்க்கத்தின் போர்வையையும் போர்த்திக்கொள்கிறது என்பதே என் வருத்தம். கருஞ்சீரகத்தின் மீதும் பேரீச்சம்பழத்தின் மீதும் நாம் கொண்டுள்ள மதிப்பு வேறு. அவற்றின் பெயரால் குப்பியை விற்று, சர்க்கரை நோய்க்கு மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்தச் சொல்வது வேறு. சரக்கின் குறையை மறைத்து விற்பதை இஸ்லாம் தடுத்திருக்கிறது. நிரூபணமில்லாத பலனைச் சொல்லி விற்பதும் அவ்வகையைச் சார்ந்ததன்றோ?

மருத்துவர் குறையறிந்து தரும் வைட்டமினை எவரும் நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் நலமாயிருப்போர் குப்பிக்குச் செலவிடும் பணத்தில் ஒரு மாதத்துக்கு முருங்கைக்கீரையும் நெல்லிக்காயும் கொய்யாவும் வீட்டுக்கு வரும். உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதற்குத் தீங்கு செய்துகொண்டே காவலுக்கு மாத்திரை தேடுவது முறையன்று.

வாப்பாவிடம் ஃபின்லாந்துக் கதையைச் சொன்னேன். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு குப்பியை ஓரமாக வைத்துவிட்டார்கள். பீடியை இன்னும் முழுதாக விடவில்லை. ஆயினும் நோன்பு முப்பது நாளும் பகலெல்லாம் அதைத் தொடாதிருந்தவர்கள் அவர்கள். பகலில் இயன்றது இரவிலும் இயலும், இன்ஷா அல்லாஹ்.