பிள்ளைக்கு மடிக்கணினியா, குடும்பத்திற்கு வட்டியா?



பூந்தமல்லியில் சென்ற வாரம் அஸர் தொழுகைக்குப் பின் ஒரு தந்தை நம்மிடம் வந்தார். மகன் பி.காம். சேர்ந்திருக்கிறான், 1,20,000 ரூபாய் மடிக்கணினிதான் வேண்டுமென்று அடம்பிடிக்கிறான். “தவணையில் எடுக்கலாமா ஹஜ்ரத்?” என்றார். வேண்டாம் என்றோம்.

அந்த விலையின் பெரும்பகுதி தனி கிராஃபிக்ஸ் சிப்புக்கும் உயர்ரகத் திரைக்கும் போகிறது. காணொளித் தொகுப்பும் முப்பரிமாண வடிவமைப்பும் செய்வோருக்கு அது தொழிற்கருவி; அவர்களோடு நமக்கு வழக்கில்லை. டேலியில் கணக்குப் பதியவும், கட்டுரை தட்டச்சு செய்யவும், இணைய வகுப்பு பார்க்கவும் 8 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் தாராளம். 2011இல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையின்றி வழங்கத் தொடங்கிய மடிக்கணினியில் இருந்தது 2 ஜிபிதான். அதில் படித்தவர்கள் இன்று நம் முஹல்லாவிலேயே குடும்பத் தலைவர்கள். பின்னாளில் ரேம் கூட்ட இடமுண்டா என்று மட்டும் கேட்டு வாங்குங்கள். சில மாடல்களில் அதைப் பலகையோடு பற்றவைத்துவிடுகிறார்கள்.

தேவைக்கு மேற்பட்ட செலவு இஸ்ராஃப். அதற்காக வட்டியிலும் இறங்குவதை என்னவென்பது? ‘வட்டியில்லாத் தவணை’ என்று கடைக்காரர் சொன்னாராம்! கடன் அட்டைகளின் பூஜ்ய வட்டித் திட்டங்களில் வட்டி பெரும்பாலும் செயலாக்கக் கட்டணமாக ஒளிந்திருக்கிறது என்று 2013 செப்டம்பரில் ரிசர்வ் வங்கியே வங்கிகளைக் கண்டித்தது. வங்கிகளின் வங்கி ஒப்புக்கொண்டதை நாம் ஒப்புக்கொள்ள ஏன் தயங்குகிறோம்?

மகனுக்கு நம்மீது கோபமாம். சனிக்கிழமை அவனையும் அழைத்துக்கொண்டு ரிச்சி தெருவுக்குப் போகவிருக்கிறோம். தந்தையின் கையில் ரொக்கமாக 45,000 இருக்கிறது.