கிலோவுக்கு 22 ரூபாய்

சாயர்புரம் தெருவில் பழைய இரும்புக்காரர் குரல் கேட்டால், பழுதான மிக்ஸியும் டிவியும் சார்ஜரும் எடைக்குப் போய்விடுகின்றன. பிறகு அவை எங்கே போகின்றன என்று யாரும் கேட்பதில்லை. வயரை எரித்துச் செம்பு எடுப்பதுதான் மலிவான வழி. அந்தப் புகையில் டையாக்சின் நஞ்சு கலந்திருக்கிறது.

செம்பு உருக்காலையின் மாசை எதிர்த்த போராட்டத்தில், 2018 மே மாதம் போலீஸ் துப்பாக்கிச் சூட்டுக்கு 13 உயிர்களைக் கொடுத்த தூத்துக்குடி மாவட்டம் இது. பழைய வயரிலிருந்து முறையாகச் செம்பை மீட்க, தாதுவிலிருந்து எடுப்பதைவிட மிகக் குறைந்த ஆற்றலே போதும். நம் மாவட்டத்துக்கு இந்தக் கணக்கை யாரும் விளக்க வேண்டியதில்லை.

சிக்கல் செலவில்தான். புகை வடிகட்டி, அமிலக் கழிவுச் சுத்திகரிப்பு, தொழிலாளருக்குக் கையுறை, முகக்கவசம் என முறையான ஆலைக்கு எல்லாமே செலவு. எரிப்பவருக்குத் தீப்பெட்டி போதும். அதனால்தான் உற்பத்தி நிறுவனங்கள் மறுசுழற்சியாளருக்கு மின்கழிவு கிலோவுக்குக் குறைந்தது 22 ரூபாய் தர வேண்டும் என்று 2024-ல் மத்திய அரசு நிர்ணயித்தது. இது அதிகம் என்று சில பெரிய நிறுவனங்கள் டெல்லி உயர் நீதிமன்றம் போயிருக்கின்றன. பல்லாயிரம் ரூபாய்க்கு ஏ.சி. விற்பவர்களுக்கு இது பாரமா?

2022-ல் உலகில் சேர்ந்த 6.2 கோடி டன் மின்கழிவில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது 22.3 சதவீதம்தான். அரசு இந்த விலையில் இறங்கிவரக் கூடாது. பேரூராட்சி, மாதம் ஒரு நாளாவது மின்கழிவைத் தனியே வாங்க வேண்டும்; பழைய இரும்புக்காரர்களையும் அதில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.